பகற்கனவின் விலை: ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரும் தமிழ்ப் பதின்பருவமும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மனத்துள் எழும் உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாக எண்ணி, ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறது. நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், பேதைமை, மடமை ஆகியவற்றோடு இளமையையும் அது சேர்த்துக்கொள்கிறது. அழுகை பிறக்கும் இடங்களுள் ஒன்றாக இழவை, அதாவது உற்றாரையும் உடைமையையும் பறிகொடுப்பதை, வைக்கிறது. இளமை தன்னளவிலேயே சிரிப்புக்கு உரியது என்று ஓர் இலக்கண நூல் வகுத்துவைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அறியாமையும் ஏமாளித்தனமும் தனித்தனிக் காரணங்களாக அதே பட்டியலில் இருக்கின்றன என்பதால், இளமை அவற்றின் மறுபெயராக அங்கே நிற்கவில்லை. முதிராத ஒன்று முதிர்ந்ததைப்போல நடந்துகொள்ளும்போது காண்பவரிடம் எழும் பரிவு கலந்த சிரிப்பையே அது குறிக்கிறது என்று கொள்ள இடமுண்டு. இளமையின் நகையையும் இழவின் அழுகையையும் ஒரே பெண்ணின் மேல் ஏற்றி, இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கதை சொன்ன தொலைக்காட்சித் தொடர் ஒன்று அண்மைக் காலத்தில் உலகெங்கும் பார்க்கப்பட்டது. அதன் நாயகி ஒரு தமிழ்ப் பெண்.

‘நெவர் ஹேவ் ஐ எவர்’ என்ற அத்தொடர் நெட்பிளிக்ஸ் இணையத் தளத்தில் 2020 ஏப்ரல் 27 அன்று, இந்தியா முதல் பொது முடக்கத்தில் அடைந்து கிடந்த நாள்களில், வெளியானது. மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் இருவரும் உருவாக்கிய தொடர் இது. 2021, 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த பருவங்கள் வந்து, பருவத்துக்குப் பத்தாக மொத்தம் 40 பகுதிகளோடு அது நிறைவுற்றது. தலைப்பு, இளைஞர்கள் வட்டமாக அமர்ந்து, இதுவரை தாம் செய்தே இராத ஒன்றை ஒவ்வொருவராகச் சொல்ல, அதைச் செய்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு விருந்து விளையாட்டின் பெயராகும். அமெரிக்கத் தொலைக்காட்சி மரபில் அரை மணி நேரத் தொடர்கள் பெரும்பாலும் சிரிக்க வைப்பதற்கும், ஒரு மணி நேரத் தொடர்கள் கனமான கதைகளுக்கும் என்று நெடுங்காலம் பிரிந்திருந்தன. அவ்வேலியைத் தாண்டி, சிரிப்புத் தொடரின் நீளத்துக்குள் துயரத்தையும் வைக்கும் வகைக்கே நகைச்சுவை நாடகத் தொடர் என்று பெயர். இத்தொடரும் அவ்வகையைச் சேர்ந்தது.

கதை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஷெர்மன் ஓக்ஸ் பகுதியில் நடக்கிறது. தேவி விஸ்வகுமார் என்ற 15 வயது மாணவி பள்ளி இசை நிகழ்ச்சியில் ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பார்வையாளர் வரிசையில் இருந்த அவளுடைய தந்தை மோகன் மாரடைப்பால் இறக்கிறார். அதன்பின் அவளுடைய கால்கள் செயலிழக்கின்றன. நரம்பிலோ எலும்பிலோ குறையில்லாமல், மனம் தாங்காததை உடல் தாங்கிக்கொள்ளும் இந்நிலையை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். மூன்று மாதம் சக்கர நாற்காலியில் இருந்தவள், தன் பள்ளியின் அழகன் பேக்ஸ்டன் ஹால்–யோஷிடாவைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்ற ஆவலில் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிடுகிறாள். தந்தையின் இழவு முடக்கிய காலை ஒரு பையனைப் பற்றிய கற்பனை எழுப்பிவிடுகிறது என்ற இந்த முதல் முடிச்சிலேயே, பகற்கனவு வெறும் பொழுதுபோக்கா அல்லது உயிர்பிழைக்கும் வழியா என்ற கேள்வியைத் தொடர் எழுப்பிவிடுகிறது.

பகற்கனவு என்பது, விழித்திருக்கும்போதே மனம் சூழலிலிருந்து விலகித் தனக்கு வேண்டிய காட்சியைத் தானே நடத்திப் பார்ப்பது. தமிழ் வழக்கில் கனவு என்ற சொல்லுக்கும் பகற்கனவு என்ற சொல்லுக்கும் இடையே உள்ள மதிப்பு வேறுபாடு பெரியது. அப்துல் கலாம் பள்ளி பள்ளியாகச் சென்று மாணவர்களைக் காணச் சொன்னது கனவு. அது பொறியாளராகவும் மருத்துவராகவும் விஞ்ஞானியாகவும் முடியக்கூடியது என்பதால் பெற்றோரும் ஆசிரியரும் அதற்கு ஒப்புதல் தந்தனர். பகற்கனவு என்றாலோ கரும்பலகையைப் பார்க்காமல் சன்னலைப் பார்ப்பவனின் குற்றம். (குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் பதேக்காவின் ‘திவாஸ்வப்னா’ தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் ஆசிரியர்களிடையே மதிக்கப்படும் நூலாகியிருப்பது இவ்வழக்குக்கு ஓர் அழகிய விலக்கு, ஆயினும் அங்கே கனவு காண்பவர் ஆசிரியர்தான், மாணவர் அல்லர்.) 1907இல் வியன்னாவில் ஆற்றி 1908இல் அச்சான உரை ஒன்றில் சிக்மண்ட் ஃபிராய்ட், பகற்கனவுகளை உயர்வு வேண்டும் ஆசை, காதல் ஆசை என இரண்டாகப் பகுத்து, இளம்பெண்களிடம் பின்னதே ஏறக்குறைய முழுமையாக ஆட்சி செய்கிறது என்றார். ஊர்த் திண்ணையின் தீர்ப்பும் இதிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. பெண்ணின் கனவு என்றாலே அது ஓர் ஆணைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்ற முன்முடிவில் வியன்னாவும் திண்ணையும் ஒத்துப்போகின்றன.

அம்முன்முடிவு தமிழ்க் காட்சிக் கலையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு 1977இல் வெளியான பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ சிறந்த சான்று. பள்ளிப் படிப்பை முடிக்கும் மயிலுக்கு இரு கனவுகள்: ஆசிரியையாவது ஒன்று, படித்த நகரத்து மனிதன் ஒருவனை மணப்பது மற்றொன்று. நகரத்திலிருந்து கால்நடை மருத்துவன் வந்ததும் இரண்டாவது கனவு முதலாவதை விழுங்கிவிடுகிறது. ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லும் வாய்ப்பை அவனுக்காக அவள் விடுகிறாள், அவன் அவளைக் கைவிடுகிறான். அதன்பின் அவளுக்கு நேர்வனவெல்லாம், தாயின் சாவு உட்பட, அந்தக் கனவுக்கான தவணைகளாகவே கதையில் அமைகின்றன. மயிலின் கனவை வெண்ணிற ஆடையும் மெதுவான அசைவும் கொண்டு அத்தனை அழகாகக் காட்டிய படமே, அதைக் கண்டதற்கு அவளிடம் விலையையும் வாங்கிக்கொண்டது. இதற்கு நேரெதிராக, தன் திருமணத்தைக் கனவில் கண்டு அதைத் தோழியிடம் அடுக்கடுக்காகச் சொன்ன ஆண்டாளை இம்மண் கொண்டாடுகிறது. அந்தப் பாசுரங்கள் வைணவத் திருமணங்களில் இன்றும் ஓதப்படுகின்றன. மணமகன் திருமாலாக இருந்ததால் அக்கனவு மன்னிப்பே தேவைப்படாததாயிற்று.

ஆண் பிள்ளைகளின் பகற்கனவுக்கு இத்தகைய கணக்கு கிடையாது. சென்னையில் பிறந்த ஆர்.கே. நாராயணின் நாவல் நாயகனான சிறுவன் சுவாமிநாதன், தன்னைப் புகழ்பெற்ற ஆங்கிலப் பந்துவீச்சாளர் டேட்டாகவே கருதிக்கொண்டு, பள்ளியை விட்டும் வீட்டை விட்டும் ஓடி, காட்டுவழியில் திசைமாறி, கடைசியில் வீடு வந்து சேர்கிறான். அவன் கொடுத்த விலை ஒரு கிரிக்கெட் ஆட்டமும் ஒரு நண்பனின் கோபமும்தான். சங்கர் நாக் இயக்கத்தில் 1986இல் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடர் இக்கதையைக் கொண்டு தொடங்கியபோது, பகற்கனவு காணும் சிறுவன் ஒருவன் இந்தியத் தொலைக்காட்சியின் செல்லப் பிள்ளையானான். அதேபோன்ற சிறுமி ஒருத்தி, தமிழ்ப் பெயரோடு, திரையில் அதே சலுகையைப் பெறுவதற்கு 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அதுவும் கலிஃபோர்னியாவில்.

தொடரின் தொடக்கக் காட்சியில் தேவி புதிய கல்வியாண்டின் முதல் நாள் காலை பூசையறையில் கடவுளரிடம் வேண்டிக்கொள்கிறாள். கையில் வளரும் முடி குறைய வேண்டும். மதுவும் போதைப் பொருளும் புழங்கும் விருந்து ஒன்றுக்கு யாராவது தன்னை அழைக்க வேண்டும், அவற்றை வேண்டாம் என்று மறுத்து நிற்கும் பெருமை தனக்குக் கிடைக்க வேண்டும். ஒரு காதலன் வேண்டும். பிள்ளைகளைப் பூசையறையில் நிறுத்தும் பெற்றோர் அங்கே எதிர்பார்க்கும் வேண்டுதல் மதிப்பெண் என்பதைத் தமிழ்ப் பார்வையாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒப்புதல் பெற்ற கனவுக்காக ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒப்புதல் பெறாததை வைப்பதில்தான் இக்காட்சியின் நகை பிறக்கிறது. அதோடு தேவி இரண்டில் ஒன்றையும் விட்டுக்கொடுப்பவள் அல்லள் என்பதும் வேண்டுதலிலேயே வெளிப்படுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்ற வெறியும், பென் கிராஸ் என்ற வகுப்புத் தோழனை மதிப்பெண்ணில் முந்த வேண்டும் என்ற பகையும், பேக்ஸ்டனைப் பற்றிய கற்பனைகளும் அவளுக்குள் ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஃபிராய்டின் பகுப்பு அவளிடம் செல்லுபடியாகவில்லை.

அவளுடைய மனத்தை நமக்கு எடுத்துச் சொல்லும் குரல் அவளுடையதன்று என்பது தொடரின் துணிச்சலான தேர்வு. ஏழு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றவரும், நடுவர்களிடம் சீறியதற்காக அதைவிட அதிகம் நினைவுகூரப்படுபவருமான டென்னிஸ் வீரர் ஜான் மெக்கென்ரோ கதைசொல்லியாகப் பேசுகிறார். அறுபதைக் கடந்த ஒரு வெள்ளைக்கார ஆண், ஒரு தமிழ்ச் சிறுமியின் காதல் ஏக்கத்தைப் பந்தய வருணனைபோல விவரிப்பது முதலில் வெறும் கோமாளித்தனமாகத் தோன்றும். போகப்போக அது வேறொன்றாகிறது: கட்டுக்கடங்காத கோபத்தோடு வாழ்ந்து, அக்கோபத்துக்காகவே ஊராரால் பேசப்பட்ட ஒருவர்தான், அதே குணமுள்ள சிறுமியைத் தீர்ப்புச் சொல்லாமல் புரிந்துகொள்ள முடியும். மயிலுக்கு வாய்க்காத ஒன்று இந்தக் குரல்.

தேவிக்கு மூன்றாவது வகைக் கனவு ஒன்றும் உண்டு. தொடரின் ஆழம் அங்கேதான். கனவிலும் நினைவிலும் சில வேளை வெறும் தோற்றமாகவும் மோகன் அவளிடம் வந்துகொண்டே இருக்கிறார். “கண்ணா” என்று அழைக்கிறார். வீட்டுக்கு அருகில் திரியும் ஓநாய்க்கு உறவான கயோட்டி ஒன்று தன் தந்தையின் மறுபிறவி என்று அவள் நம்பத் தொடங்குகிறாள். குடித்திருந்த ஓர் இரவில் அதனிடம் நெருங்கிப்போய்க் கடியும் படுகிறாள். இறந்தவர் காகமாக வருவார் என்று இலையில் சோறு வைத்துக் காத்திருக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது சிரிப்பும் தொண்டையடைப்பும் ஒருங்கே தரும் இடம். காகம் கிடைக்காத ஊரில் ஒரு சிறுமி கிடைத்த விலங்கைப் பிடித்துக்கொள்கிறாள் என்று வாசித்தால், தொடரை எழுதியவர்களே எண்ணியிராத பொருளும் அதில் கிடைக்கிறது. எதிர்காலத்தை நோக்கிய பகற்கனவுகளெல்லாம் இறந்தகாலத்தின் இந்த ஒரு கனவிலிருந்து தப்பிக்க அவள் கட்டிய மாடங்களோ என்று ஐயுற வைக்கும்படி, முதல் பருவம் மாலிபு கடற்கரையில் மோகனின் அஸ்தியைக் கரைப்பதில் போய் முடிகிறது. அங்கே அவள் அழுகிறாள்.

இதனை உருவாக்கிய மிண்டி கேலிங்கின் முழுப்பெயர் வேரா மிண்டி சொக்கலிங்கம். தந்தை தமிழர், கட்டடக் கலைஞர். தாய் வங்காளி, மகப்பேறு மருத்துவர். மிண்டி 1979இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். மேடையில் அறிவிப்பவர்கள் பெயரைச் சொல்லத் திணறியதால் அவர் அதைச் சுருக்கிக்கொண்டார். மதுரைச் சொக்கனின் பெயரில் தலையும் வாலும் உதிர்ந்து நடுப்பகுதி மட்டும் அமெரிக்காவில் எஞ்சியது. தாயை 2012இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர் என்பதும், தொடரின் மையத்தில் ஓர் இழவு இருப்பதும் தற்செயல் அல்ல என்று கருத இடமுண்டு. எனினும் தேவியின் தமிழ்மை மெலிந்த கோடாகவே வரையப்பட்டிருக்கிறது. விநாயகர் விழாப் பகுதியில் காணப்படுவது பொதுவான ஒரு வெளிநாட்டு இந்தியக் கூட்டம். நடனமும் இந்திப் படத்தை ஒட்டியது. “கண்ணா” போன்ற ஒன்றிரண்டு சொற்களை நீக்கிவிட்டால், இவர்கள் ஆந்திரரா மராத்தியரா என்று பிரித்தறிவது கடினம். இது குறைதான். ஆனால் அமெரிக்காவில் பிறந்த இரண்டாம் தலைமுறைக்குத் தமிழ் உண்மையிலேயே அப்படி ஒன்றிரண்டு விளிச்சொற்களாகத்தான் எஞ்சுகிறது என்றால், அதைத் தொடரின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் வந்த வழி வேறு. இலங்கைப் போரால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில், கனடாவின் மிசிசாகாவில் 2001இல் பிறந்தவர். 2019இல் இணையத்தில் விடுக்கப்பட்ட திறந்த அழைப்புக்கு விண்ணப்பித்த சுமார் 15,000 பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டபோது பள்ளிப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். தேவி இந்தியத் தமிழ்ப் பெண்ணாகவே எழுதப்பட்டாள். நடித்தவர் ஈழத்தமிழ்ப் பெண். இந்த வேறுபாடு அமெரிக்கப் பார்வையாளருக்குப் பொருட்டே அல்ல. சென்னைக்கு வடக்கே செல்லும் ஜி.என்.டி. சாலையில் வாழ்பவர்களுக்கு அது பொருட்டு. புழல் காவாங்கரையில் ஒன்று, கும்மிடிப்பூண்டியில் மற்றொன்று என, அதே போரில் கடல் தாண்டி வந்தவர்களின் முகாம்கள் இச்சாலையை ஒட்டி இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அவற்றை அகதிகள் முகாம் என்பதற்கு மாற்றாக இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்க முடிவு செய்தது. ஒரே போரிலிருந்து ஒரு குடும்பம் மேற்கே போய் மிசிசாகாவை அடைந்தது. வேறு குடும்பங்கள் இச்சாலையை அடைந்தன. மிசிசாகாவில் பிறந்த பிள்ளை கனடியக் குடிமகள். முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை பிறப்பால் எளிதில் வாய்ப்பதில்லை. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டுமே கருதி, இலங்கையை விட்டுவிட்டது. அரசு வேலை என்ற ஒப்புதல் பெற்ற கனவுகூட அங்கே பகற்கனவுதான்.

தொலைக்காட்சி இப்பகுதி வீடுகளுக்குள் நுழைந்த கதையையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். 2006 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வீடு சேர்ந்தன. அதே 2006இல்தான் விஜய் தொலைக்காட்சி, பள்ளி மாணவர்களையே கதைமாந்தராகக் கொண்ட ‘கனா காணும் காலங்கள்’ தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. 2004இல் வந்த ‘7ஜி ரெயின்போ காலனி’ படப் பாடல் ஒன்றின் தொடக்கச் சொற்கள் அதன் பெயராயின. மாமியார் மருமகள் கதைகள் நிறைந்திருந்த நேரத்தில், வகுப்பறை, நட்பு, முதல் காதல், தேர்வு அச்சம் ஆகியவற்றை அது தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. கல்லூரிக் கதையாகத் தொடர்ந்து, 2022இல் இணையத் தளத்தில் புதிய தலைமுறைக்காக மறுபடியும் பிறந்தது. தலைப்பில் கனா இருந்தாலும் அத்தொடரின் கண் கூட்டத்தின் மேல்தான் இருந்தது. ஒரு தனி மாணவியின் தலைக்குள் நுழைந்து, அவள் மட்டும் காணும் காட்சியை நமக்கும் காட்டும் உத்தி அதன் இயல்பில் இல்லை. அடுத்த மாற்றம் கைபேசியில் வந்தது. 2019 ஜூலையில் கைபேசிக்கென்று மாதம் 199 ரூபாயில் நெட்பிளிக்ஸ் ஒரு திட்டத்தை இந்தியாவில் தொடங்கி, 2021 டிசம்பரில் அதை 149 ரூபாயாகக் குறைத்தது. வீட்டார் அனைவரும் ஒன்றாகப் பார்த்த பெட்டியின் இடத்தில் ஒருவர் மட்டும் பார்க்கும் சிறு திரை வந்ததும், தனி மனத்தின் பகற்கனவைச் சொல்லும் கதைக்கு அதற்கேற்ற தனிமையும் கிடைத்தது.

தேவி செய்யும் தவறுகள் சிறியவை அல்ல. பொய் சொல்கிறாள், தோழிகளைக் கைவிடுகிறாள், ஒரே நேரத்தில் இருவரைக் காதலிக்கிறாள், புதிதாக வந்த மற்றோர் இந்திய மாணவியைப் பற்றி வதந்தி பரப்புகிறாள். ஒவ்வொரு முறையும் தொடர் அவளைச் சிரிப்பின் வழியாகத் திருப்பி அழைத்துக்கொள்கிறது. மயிலிடம் வாங்கிய விலை இவளிடம் வாங்கப்படவில்லை. தமிழ்ப் பெண் பாத்திரம் ஒன்றுக்கு இது புதிய நியாயம். ஆனால் இந்த மன்னிப்பின் அடியில் ஒரு பிணைத்தொகை இருப்பதையும் மறுக்க முடியாது: தேவி வகுப்பின் முதல் வரிசை மாணவி. அவள் என்ன செய்தாலும் மதிப்பெண் குறைவதில்லை. இறுதிப் பருவத்தின் முடிவில் பிரின்ஸ்டன் அவளை ஏற்றுக்கொள்கிறது. ஒப்புதல் பெற்ற கனவை நிறைவேற்றிவிட்டவளின் ஒப்புதலற்ற கனவுகளை மன்னிப்பது எளிது. பிளஸ் டூவில் சுமாராகத் தேறி, ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் கம்பெனி பேருந்துக்குக் காலை ஷிப்டில் நிற்கப்போகும் பெண்ணின் பகற்கனவை அதே சிரிப்போடு ஏற்கும் தொடர் எப்படி இருக்கும் என்பதற்கு தேவியின் கதையில் விடை கிடைப்பதில்லை.

மதிப்பெண் கேட்காமல் மன்னிப்பு வழங்கப்படும் பாத்திரம் ஒன்று தொடரில் இல்லாமலும் இல்லை. அதைக் கவனிக்க நடுவிலிருந்து ஓரத்துக்குப் பார்வையைத் திருப்ப வேண்டும். மோகனின் தாய் நிர்மலா இரண்டாம் பருவத்தில் மகன் இல்லாத வீட்டுக்கு வந்து சேர்கிறார். கணவனை இழந்தவர், மகனையும் இழந்தவர். மருமகளோடும் பேத்திகளோடும் வாழ்ந்துகொண்டு, பழைய கட்டுப்பாடுகளோடு அறிமுகமாகும் அவரைப் பார்ப்பவர்கள், வழக்கமான பாட்டி பாத்திரம் என்று கடந்துபோக வாய்ப்புண்டு. கடைசிப் பருவத்தில் லென் என்ற அமெரிக்க முதியவர் மேல் அவருக்குக் காதல் வருகிறது. குடும்பம் ஐயப்படுகிறது, பேத்தி கமலா வேவு பார்க்காத குறையாக விசாரிக்கிறாள், ஒரு பதின்பருவப் பெண்ணின் காதலைக் காவல் காப்பதுபோலவே பாட்டியின் காதலையும் வீடு காவல் காக்கிறது. தேவி பிரின்ஸ்டனுக்குப் புறப்படும் நாள்களில், தொடரின் இறுதிப் பகுதியில், அந்த வீடு கூடி நின்று நடத்தி வைப்பது நிர்மலாவின் திருமணத்தை.